டிலாவின் துணியில் தைத்த பைகள்

அந்த ஒரு பை மட்டும் நாறவில்லை.

மற்றதெல்லாம் நாறியது. பின்கட்டு உத்தரத்தில் வரிசையாகத் தொங்கிய துணிப்பைகளுக்குக் கீழே தண்ணீர் தெளிக்கும் புட்டியோடு பீகா போகும்போதெல்லாம், நனைந்த கோழிக்கூண்டும் மூன்று நாள் வெயில் கண்ட மீன்குடலும் கலந்த மாதிரி ஒரு வாடை முதலில் மூக்கில் ஏறி, பிறகு தொண்டையில் இறங்கி, கடைசியில் நாக்கின் மேல் எண்ணெய்ப் படலமாக உட்கார்ந்துகொள்ளும். அதற்கப்புறம் சோறு தின்றாலும் சரி, பனம்பாகைக் கரைத்துக் குடித்தாலும் சரி, வாயெல்லாம் பாம்புதான். எட்டு நாளாகக் கீழைக்காற்று விடாமல் அடித்து, குப்பாங் துறைமுகத்திலிருந்து கப்பல் வரவில்லை. கப்பல் வராதவரை பைகள் போகாது. பைகள் போகாதவரை இந்தக் கருமத்தை அவள்தான் முகர்ந்துகொண்டு கிடக்க வேண்டும்.

"உன் மூக்க அறுத்து உப்புல போட்டாத்தான் இந்த வீட்ல எனக்கு நிம்மதி" என்பான் அவள் புருஷன் ரோஹி. அவனுக்கென்ன, காலையும் மாலையும் பனை உச்சியில் நல்ல காற்றில் உட்கார்ந்து பாளை சீவுகிறவன்.

சாபுத் தீவின் கல்வேலி இடுக்குகளில் மட்டும் கிடக்கும் மலைப்பாம்பு அது. குட்டியில் செங்கல் நிறம். வளர வளர உடம்பு கறுத்து, கண் மட்டும் சுண்ணாம்பு தடவினாற்போல வெளுத்துவிடும். வெள்ளைக்கண் என்றுதான் ஊரில் பெயர். விஷமில்லை, எலி தின்னும், தன் பாட்டுக்குப் போகும். இப்போது எந்த நாட்டிலோ யாரோ கண்ணாடிப் பெட்டியில் அடைத்துப் படுக்கையறையில் வைத்து அழகு பார்க்க அதைக் கேட்கிறார்களாம். குப்பாங் வியாபாரி பெர்டி போனில் சொன்னபோது பீகா நம்பவே இல்லை.

"வெறும் வயித்தோட ஏத்தணும்க்கா. வழியில கக்கிச்சுன்னா பை நாறி, பக்கத்துப் பாம்பும் சேந்து செத்துரும்" என்றான் பெர்டி.

அதனால் ரோஹி ஒவ்வொன்றையும் தலைகீழாகப் பிடித்து, வாலிலிருந்து தலைப்பக்கமாக வயிற்றை வழித்து வழித்து, உள்ளே இருப்பதை வெளியே தள்ளினான். பாதி கரைந்து, மயிர் கழன்று, வழவழவென்று இளஞ்சிவப்பாக ஒரு எலி பீகாவின் அலுமினியச் சட்டியில் வந்து விழும். பிறகு செதிலுக்கடியில் ஊதிக் கிடக்கும் உண்ணிகளை அவள் நகத்தால் பிடுங்க வேண்டும். பிடுங்கும்போது சில அங்கேயே உடைந்துவிடும். அந்தக் கையை எத்தனை முறை சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கையால் பிசைந்த சோறு அவளுக்கு இறங்குவதில்லை. நான்கு வயது யூபிக்கு ஊட்டும்போது மட்டும் இடது கையால் ஊட்டினாள்.

இன்று காலை, ஜன்னல் ஓரத்துப் பை நாறவில்லை. செத்துவிட்டதோ என்று விரலால் அழுத்திப் பார்த்தாள். உள்ளே கனமாக ஏதோ மெதுவாகத் தன்னைச் சுருட்டிக்கொண்டது. சீறவில்லை. பீகா மூக்கைத் துணிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

கிராம்பு எண்ணெய். வெற்றிலைக் காரம். காதுமடலுக்குப் பின்னால் ஊறும் வியர்வை.

புட்டியைப் போட்டுவிட்டு அவள் பின்னால் நகர்ந்தாள். யாரைக் கண்டாலும் மூக்கோடு மூக்கு வைத்து மூச்சிழுத்து வரவேற்கும் ஊரில் பிறந்தவளுக்கு ஒரு மனுஷியின் வாடை தப்பாது. பத்து மாதத்துக்கு முன் செத்துப்போன அவளுடைய அக்கா டிலாவின் வாடை அது.

துணி டிலாவினுடையது, அதனால்தான் என்று பீகா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்தத் துணியை டிலா ஒரு நாளும் உடுத்தியதில்லை. அது பிணத்துக்கென்று நெய்த துணி. ஒவ்வொரு தாய்வழிக்கும் ஒரு கரை உண்டு. செத்தவளை முழங்கால் மடக்கி உட்காரவைத்து, அவளுடைய வழிக் கரைத் துணியால் சுற்றினால்தான் முன்னால் போனவர்கள் இவள் நம்மவள் என்று கண்டுகொள்வார்கள். சுற்றும்போது செத்தவளின் பிள்ளை துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அம்மா என்று ஒரு முறை வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். சிலுவைக்கு மாறின வீடுகளிலும் இதை மட்டும் யாரும் விடவில்லை.

டிலா மலேசியாவுக்கு வீட்டுவேலைக்குப் போனபோது யூபிக்கு எட்டு மாதம். பிள்ளையில்லாத தங்கையிடம் விட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்தது பெட்டி. ஆணி அடித்து, பிளாஸ்டிக் சுற்றி, திறக்கக் கூடாது என்று முத்திரை குத்தியிருந்தது. துணியைப் பெட்டிக்கு மேலாவது சுற்றலாம் என்றார்கள். சுற்றினால் யூபி ஓரத்தைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் கூப்பிட வேண்டும்.

குடும்ப அட்டையில் தாய் என்ற இடத்தில் பீகா தன் பெயரைப் போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. யூபி அவளைத்தான் அம்மா என்கிறாள். ஊருக்குத் தெரியும், யூபிக்குத் தெரியாது. உலகத்தில் பீகாவுக்கு ஒரே ஒரு பயம்தான், அந்தப் பிள்ளை ஒரு நாள் அவளை அம்மா என்று கூப்பிடாமல் போய்விடும் என்று. "சீல் வெச்ச பெட்டிக்கு எதுக்குத் துணி" என்று சொல்லிவிட்டாள். டிலா வெறும் பலகைக்குள் போனாள். துணி பரணில் ஓலைப்பெட்டிக்குள் கிடந்தது. போன வாரம் பைக்குத் துணி பற்றாமல் போனபோது பீகா பரணேறி அதை எடுத்தாள். கத்தரிக்கோல் உள்ளே போகும்போது ஒரு நிம்மதிகூட வந்தது. நாலு பை ஆயிற்று.

பத்து மணிவாக்கில் ஓர்பா வடிகட்டி கடன் கேட்டு வந்தாள். ஒரே தாய்வழி, பக்கத்து வீடு, வாய்க்குப் பூட்டில்லாதவள். கொதிக்கும் பதநீரின் நுரையை எடுத்துக்கொண்டிருந்த பீகாவின் மூக்கோடு தன் மூக்கை வைத்தவள் சட்டென்று முகத்தைச் சுளித்தாள்.

"என்னடி இது, புருஷனோட படுக்குறியா, பாம்போட படுக்குறியா?"

"ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் தின்னுட்டுச் சுருண்டுக்குது."

ஓர்பா சிரித்துக்கொண்டே வடிகட்டியை எடுக்கப் பின்கட்டுக்குள் தலையை நீட்டினாள். சிரிப்பு நின்றது.

"பீகா, அந்தக் கரை நம்ம கரையில்ல?"

"பழசு. பூச்சி அரிச்சிருந்துச்சு."

"பூச்சி அரிச்சா மண்ணுல புதைப்பாங்க. பாம்பப் போட்டுத் தொங்க விடுவாங்களா? அது டிலாவோடது. அதுக்குள்ள போனது நம்மாளுன்னு அர்த்தம். அதுகூடவா மறந்துபோச்சு உனக்கு?"

"சர்ச்சுல முன் வரிசையில உக்கார்றவ பேசுற பேச்சா இது?"

"முன் வரிசையில உக்காந்தா கண்ணு அவிஞ்சிருமா?" ஓர்பா வடிகட்டியை எடுக்காமலே போய்விட்டாள்.

உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் ரோஹி மரத்திலிருந்து இறங்கி வந்ததும் பீகா அந்தப் பையை அவிழ்க்கச் சொன்னாள். அவன் முடிச்சை அவிழ்த்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, விசிலடித்தான். பை அடியெல்லாம் ஈரம். பாம்பு தன்னை மூன்று சுற்றாகச் சுற்றி, நடுவில் தோல்போல வெளுத்த முட்டைகளை ஒட்டவைத்துக் கட்டிப்பிடித்திருந்தது. ஒன்றோடொன்று ஒட்டின முட்டைகள். மேலே கோழை. பீகா நுரைக்கரண்டியோடு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரோஹி அங்கேயே போனை எடுத்தான். பெர்டியின் குரல் உற்சாகமாகக் கேட்டது. "அண்ணே, முட்டைய விட்றாதீங்க. அதுதான் எனக்கு வேணும். பொரிச்சா கூண்டுல பொறந்ததுன்னு காகிதம் போட்டு, கேள்வியில்லாம ஏத்திக்கலாம். தாய் எதுன்னு எவன் கேக்கப்போறான், நாம எழுதுறதுதான் தாய்."

பீகா நுரைக்கரண்டியைக் கீழே வைத்தாள். அவன் தன்னைத்தான் சொல்கிறான் என்று ஒரு நொடி அவளுக்குத் தோன்றியது.

ரோஹி பாம்பை முட்டையிலிருந்து பிய்த்தான். பிய்க்கத்தான் வேண்டியிருந்தது, அது விடவில்லை. கடிக்கவும் இல்லை. தலையை மட்டும் திருப்பி, பீகாவையே பார்த்துக்கொண்டிருந்தது. முட்டைகளை மணல் போட்ட ஓலைக்கூடையில் வைத்து அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். பாம்பை வேறொரு மாவுச்சாக்கில் போட்டு, வாயைக் கயிற்றால் இறுக்கி, உத்தரத்தில் கட்டினான். டிலாவின் பை காலியாக ஜன்னலோரம் ஆடியது.

அன்று சாயங்காலம் யூபிக்குத் தலை வாரும்போது, காதுக்குப் பின்னால் மடிப்பில் ஏதோ தட்டுப்பட்டது. சாம்பல் நிறம். மொச்சைக்கொட்டை அளவு. கால்கள் மெதுவாக அசைந்தன.

"வலிக்கலயாடி?"

"இல்லையே" என்றாள் யூபி.

பீகா நகத்தால் கிள்ளி எடுத்தாள். அது அவள் விரலிடுக்கில் உடைந்து, சூடாக வழிந்தது. பிள்ளையின் ரத்தம். ஓடிப்போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டு உச்சந்தலையில் மூக்கை வைத்து இழுத்தாள். தினமும் செய்கிறதுதான். புளித்த பாலும் வெயிலும் கலந்த அந்த வாடைக்காகத்தான் அவள் விடிந்து எழுந்திருப்பதே.

கிராம்பு எண்ணெய்.

வீட்டில் கிராம்பு எண்ணெய் கிடையாது. பீகா பிள்ளையை இறக்கிவிட்டு, சோப்புப் போட்டு, இரண்டு முறை குளிப்பாட்டினாள். பிள்ளை சிணுங்கக்கூட இல்லை. குளிப்பாட்டி முடிந்ததும் முகரத் துணிவு வரவில்லை.

மறுநாள் விடிந்து ரோஹி பனைக்குப் போன பிறகு அவள் பின்கட்டுக்கு வந்தாள். மாவுச்சாக்கு தட்டையாகத் தொங்கியது. கயிறு அவிழவில்லை. அடுப்போரக் கூடையில் மணல் மட்டும் இருந்தது. ஜன்னலோரம் டிலாவின் பை கனத்துக் கீழ்நோக்கி இழுபட்டு, வாய் கட்டப்பட்டு, அடியில் நனைந்து, சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒன்றுக்குக் கீழே மட்டும் தரையில் ஒரு சின்ன மணை போட்டிருந்தது. யூபி உட்கார்ந்து விளையாடும் மணை.

"யூபி, இதத் தொட்டியா?"

யூபி வாசற்படியில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். "பிள்ளைங்கள அதுகிட்ட குடுத்தேன். தேடிச்சு."

"பாம்பு யாரையும் தேடாது."

"தேடிச்சு" என்றாள் யூபி, சண்டைக்கு வராமல், மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி. "ராத்திரியெல்லாம் பேரு சொல்லித் தேடிச்சு."

யார் பேரை என்று பீகா கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும்.

சமையலுக்குக் கை ஓடவில்லை. அடுப்புக் குழியில் நெருப்பு சரியாகப் பிடித்து, மேலே ஐந்து பானைகளிலும் பதநீர் கொதித்து, நுரை பொங்கி, வீடெல்லாம் தித்திப்பு வாடை அடித்தது. அந்தத் தித்திப்புக்கு அடியில் மற்றது. அவள் வெற்றிலை போட்டுப் பார்த்தாள், உமிழ்ந்தாள். மூக்கில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். அப்போதும் வந்தது. மூக்கு வழியாக வரவில்லை போல.

யூபி மத்தியானம் சோறு வேண்டாம் என்றாள். பசிக்கவில்லையாம். வெறும் வயித்தோட இருக்கணுமாம். யார் சொன்னது என்றால் தோளைக் குலுக்கினாள். அவள் உதட்டோரத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. பீகா தன் கைலி ஓரத்தால் துடைத்தாள். பிசுபிசுத்தது. முட்டைக் கரு மாதிரி. துடைத்த இடத்தை அவள் முகரவில்லை, அந்த ஓரத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

அந்த நிமிஷம்தான் முடிவு பண்ணினாள். ரோஹி கத்தினால் கத்தட்டும். பெர்டி நாசமாய்ப் போகட்டும். பிள்ளை அவளுடையது. வயிற்றில் சுமக்கவில்லை, அவ்வளவுதான். காய்ச்சலில் மூன்று ராத்திரி மடியில் வைத்திருந்தவள் யார்? முதல் வார்த்தை கேட்டவள் யார்? செத்தவள் செத்தாள். போனவள் போனாள். இது என்னுடையது.

யூபியை வாசலில் விளையாட அனுப்பிவிட்டு, பின்கட்டுக்குப் போய், உத்தரத்திலிருந்து பையை இறக்கினாள். காலையில் தொங்கியதைவிடக் கனம் குறைவாகத்தான் இருந்தது. அதை யோசிக்க அவளுக்கு நேரமில்லை. கையைத் தள்ளி நீட்டிப் பிடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, அடுப்புக் குழியின் வாய்க்குள் நெருப்பின் நடுவில் அதை எறிந்தாள். நீளக் கழியால் உள்ளே தள்ளினாள்.

துணி முதலில் எரிந்தது. கரை சுருண்டு கறுத்தது. பிறகு முட்டைகள். ஒவ்வொன்றாக, நனைந்த செருப்பை மிதித்தாற்போல, பொதுக் பொதுக்கென்று வெடித்தன. ஒவ்வொரு வெடிப்புக்கும் குழி வாயிலிருந்து வெள்ளையாக ஏதோ தெறித்து, சூடாக அவள் முழங்காலில் ஒட்டியது. மயிர் பொசுங்கும் வாடையும் ஊனும் பாகும் சேர்ந்து வந்தபோது பீகா அடுப்புக்குப் பக்கத்திலேயே குனிந்து வாந்தியெடுத்தாள். வயிறு காலியாகும்வரை எடுத்தாள். காலியான பிறகும் வந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது.

நெருப்பில் எதுவும் துடிக்கவில்லை. ஒரு முறைகூட.

கழியால் சாம்பலைக் கிளறினாள். துணிக் கரி. முட்டைத் தோல். எலும்பில்லை. முதுகெலும்பு இருக்க வேண்டும், அத்தனை நீளத்துக்கு. இல்லை.

"யூபி."

வாசலில் யாருமில்லை. மணல்மேல் அவள் விளையாடின தேங்காய்ச் சிரட்டை கிடந்தது. காற்று பனையோலைகளைச் சரசரக்க வைத்தது. தூரத்தில் எந்த மரத்திலோ ரோஹி இருமினான். பட்டப்பகல். வெளியே கண் கூசும் வெயில்.

"யூபி, அம்மா கூப்புடுறேன்ல."

பின்கட்டுக்குத் திரும்பினாள். மற்ற பைகள் தொங்கின. புடைத்து, அசைந்து, நாறிக்கொண்டு. டிலாவின் துணியில் தைத்த மீதி மூன்று பைகள் மட்டும் தொங்கவில்லை. கயிறுகள் இருந்தன. கயிறுகளில் அவள் போட்ட முடிச்சுகளும் இருந்தன, இறுக்கமாக, வெறும் காற்றைக் கட்டிக்கொண்டு.

பரண் ஏணி சாத்தியிருந்தது. காலையில் அவள்தான் அதைச் சுவரோரம் படுக்க வைத்தாள். பெண்கள் மட்டும் ஏறும் பரண். ரோஹியைக் கூப்பிட்டாலும் அவன் ஏறமாட்டான். அவன் அப்பன் ஏறமாட்டான். இந்த ஊரில் எந்த ஆம்பளையும் ஏறமாட்டான்.

பீகா ஏறினாள்.

முதல் படி. ஈரம். காலில் வழவழத்தது. இரண்டாவது படி. மூன்றாவதில் ஒரு உண்ணி, ஊதிப்போய், தனியாக ஏறிக்கொண்டிருந்தது. அவள் மிதித்தாள். மேலே பரண் கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. ஓலைக்கூரைச் சூடு. மூச்சடைக்கிற சூடு. அவள் முதுகில் வியர்வை ஓடியது. நாறவில்லை. அதுதான். எங்குமே நாறவில்லை.

கிராம்பு. வெற்றிலை. அக்கா.

கண் பழகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஓலைப்பெட்டி திறந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் யூபி. முழங்காலைத் தாடைக்கு மடக்கி உட்கார்ந்திருந்தாள். மூன்று துண்டுத் துணியும் அவளைச் சுற்றியிருந்தன, கரையோடு கரை சேர்ந்து, தைத்த மாதிரி. துணிக்குள் ஏதோ அவளைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஒரு சுற்று. இரண்டு. தோள்வரை. கறுப்பாக ஒரு வளைவு கழுத்தோரம் தெரிந்தது. அதற்கு மேல் ஒரு தலை, பிள்ளையின் கன்னத்தோடு கன்னமாக. வெள்ளைக் கண். பீகாவைப் பார்த்து அது மூக்கை முன்னால் நீட்டி, காத்திருந்தது.

"யூபி. வாடி. அம்மாகிட்ட வாடி தங்கம்."

பிள்ளை பீகாவைப் பார்த்தாள். விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பயமில்லை, கோபமில்லை. இதுவரை யாரும் அவளுக்குச் சொல்லித்தராத வார்த்தையை மரியாதையாக, மெதுவாகச் சொன்னாள்.

"சித்தி, கதவ மூடு. அம்மாவுக்குக் குளிருது."

துணிக்கடியில் அந்தச் சுற்றுகள் நடுங்க ஆரம்பித்தன. மலைப்பாம்பு முட்டையை அடைகாக்கிறபோது சூடேற்ற உடம்பை நடுக்குமே, அந்த நடுக்கம், விட்டு விட்டு, ஒரே தாளத்தில். அந்தத் தாளத்திலேயே யூபியின் தாடையும் நடுங்கிக்கொண்டிருந்தது.